எச்டிசி ஒன், கேலக்ஸி எஸ்4: கையில் ஜெயித்ததும் கல்லாவில் ஜெயித்ததும்

போன் வாங்கும்போது தோற்றத்தைப் பார்ப்பீர்களா, உள்ளே இருக்கும் சரக்கைப் பார்ப்பீர்களா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சரக்கைத்தான் என்பார்கள். அப்புறம் கடைக்குப் போனதும் முதல் கேள்வி, "வேற கலர் இருக்கா?"

தோற்றத்துக்கு உண்மையில் எவ்வளவு எடை என்று பார்க்க வேண்டுமானால், உள்ளே கிட்டத்தட்ட ஒன்றாகவும் வெளியே வேறு வேறாகவும் இருக்கும் இரண்டு போன்கள் வேண்டும். 2013-இல் அப்படி ஒரு ஜோடி வந்தது. பிப்ரவரியில் தைவானின் எச்டிசி தன் 'ஒன்' போனை அறிமுகம் செய்தது. அடுத்த மாதமே சாம்சங்கின் கேலக்ஸி எஸ்4. இரண்டிலும் ஆண்ட்ராய்டு, 2 ஜிபி ரேம், 1080 பிக்சல் திரை. பல நாடுகளில் இரண்டுக்கும் ஸ்னாப்டிராகன் 600 சிப்தான் (இந்தியாவுக்கு வந்த எஸ்4-இல் மட்டும் சாம்சங்கின் சொந்த எக்ஸினாஸ்). விலையும் பக்கத்துப் பக்கத்தில்: இங்கே எஸ்4 41,500 ரூபாய், எச்டிசி 42,900.

கையில் எடுத்தால்தான் வித்தியாசம். எச்டிசியின் உடம்பு ஒரே அலுமினியக் கட்டியைக் குடைந்து எடுத்தது. ஒரு போனுக்கு 200 நிமிடம் இயந்திரத்தில் வெட்டுவதாக அந்த நிறுவனம் பெருமையாகச் சொன்னது. உலோகம் சிக்னலை மறைக்கும் என்பதால், பின்பக்கம் மேலும் கீழும் கோடு கிழித்து அதில் பிளாஸ்டிக்கை இறக்கினார்கள். வேறு வழியில்லாமல் போட்ட அந்தக் கோடுகளே அதற்கு ஒரு களையைக் கொடுத்துவிட்டன. நடுவில் 9.3 மில்லிமீட்டர் தடிமன். ஆனாலும் முதுகை வளைத்து ஓரங்களை மெலிய விட்டிருந்ததால் கைக்கு ஒல்லியாகத்தான் பட்டது. எஸ்4 அளவுகோலின்படி 7.9 மில்லிமீட்டர்தான், எடையும் 13 கிராம் குறைவு. வழவழப்பான பிளாஸ்டிக் முதுகும், முந்தைய எஸ்3-ஐ அப்படியே நினைவுபடுத்தும் முகமும் சேர்ந்து அதை விலைக்குக் குறைந்த பொருளாகக் காட்டின. நாற்பதாயிரம் கொடுத்தவருக்கு இது உறுத்தத்தானே செய்யும்?

எச்டிசியின் வடிவமைப்பு வெறும் மேல்பூச்சும் இல்லை. ஸ்பீக்கர்கள் திரைக்கு இரண்டு பக்கமும் முன்னோக்கி இருந்தன. படம் பார்க்கும்போது சத்தம் நேராக முகத்துக்கு வரும். எஸ்4-இன் ஸ்பீக்கர் முதுகில், மேசையில் வைத்தால் சத்தம் மேசைக்கு. அதேசமயம் எச்டிசியின் அசட்டுத்தனங்களையும் சொல்ல வேண்டும். திரைக்குக் கீழே இரண்டு தொடு பொத்தான்கள், நடுவில் நிறுவனத்தின் பெயர். அது பொத்தான் மாதிரியே இருக்கும், அழுத்தினால் ஒன்றும் ஆகாது. அடுத்த வருடம் இதன் வாரிசாக வந்த எம்8-இல் திரைக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டை, அதிலும் பெயர் மட்டும். அந்தப் பட்டையின் புண்ணியத்தில் 5 அங்குலத் திரை கொண்ட எம்8, 5.1 அங்குலத் திரை கொண்ட சாம்சங் எஸ்5-ஐவிட உயரமாகிவிட்டது.

அழகுப்போட்டி என்றால் எச்டிசிதான். கல்லாவில் நடந்தது வேறு. எஸ்4 ஒரே மாதத்தில் ஒரு கோடி தாண்டியதாக சாம்சங் அறிவித்தது. எச்டிசியோ உதிரிபாகத் தட்டுப்பாட்டால் போனைச் சரியான நேரத்தில் கடைகளுக்கு அனுப்பவே திணறியது. அந்த வருடத்தின் மூன்றாம் காலாண்டில் தன் வரலாற்றில் முதல்முறையாக நஷ்டக் கணக்கு காட்டியது. பார்சிலோனா மொபைல் மாநாட்டில் 2013-இன் சிறந்த ஸ்மார்ட்போன் என்று விருது வாங்கியதும் இதே போன்தான்.

இதை வைத்து "பார்த்தீர்களா, அழகு சோறு போடாது" என்று முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் காரணம், எஸ்4-இன் பிளாஸ்டிக்கும் ஒரு வடிவமைப்புத்தான். நகத்தால் நெம்பினால் மூடி கழன்று வரும், பேட்டரியை மாற்றலாம், மெமரி கார்டு போடலாம், கீழே விழுந்தால் சாதாரணமாக மூடியும் பேட்டரியும் ஆளுக்கொரு பக்கம் பறக்கும், பொறுக்கி மாட்டினால் வேலை செய்யும். எச்டிசி கடைக் கவுண்டரில் எடுத்துப் பார்க்கும் இரண்டு நிமிடத்துக்காகச் செய்த பொருள். எஸ்4 அதற்கப்புறமான இரண்டு வருடத்துக்கு.

இரண்டாவது காரணம், 2014. எஸ்5 வந்தது. தண்ணீரில் நனைந்தாலும் தாங்கும் ஐபி67 சான்று, நல்ல கேமரா, கழற்றக்கூடிய பேட்டரி, எல்லாம் உண்டு. முதுகில் மட்டும் புள்ளிபுள்ளியாக ஓட்டை போட்ட மாதிரி ஒரு பிளாஸ்டிக். தங்க நிறத்தில் வந்ததைப் பார்த்தவர்கள் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி என்று கிண்டலடித்தார்கள். கிண்டல் ஒட்டிக்கொண்டது. மே மாதமே சாம்சங்கின் போன் வடிவமைப்புக் குழுத் தலைவர் சாங் டோங்-ஹூன் பொறுப்பிலிருந்து விலக, லீ மின்-யுக் அந்த இடத்துக்கு வந்தார். செப்டம்பரில் ஆப்பிள் பெரிய திரையோடு ஐபோன் 6-ஐ இறக்கியது, கீழிருந்து சீன போன்கள் விலையை நெருக்கின. சாம்சங் நிறுவனத்தின் மூன்றாம் காலாண்டு இயக்க லாபம் முந்தைய வருடத்தைவிட 60 சதவீதம் சரிந்தது. எல்லாப் பழியையும் அந்தப் புள்ளி முதுகின் மேல் போட முடியாதுதான். பெரிய திரை தன்னிடம் மட்டும் இருந்தவரை பிளாஸ்டிக்கை யாரும் பொருட்படுத்தவில்லை. எல்லாரிடமும் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

2015 மார்ச்சில் எஸ்6. இருபக்கமும் கண்ணாடி, நடுவில் உலோகச் சட்டம். கூடவே அதன் இரட்டைப்பிள்ளை எஸ்6 எட்ஜ். உள்ளே அதே சிப், அதே கேமரா. திரையின் இரு ஓரமும் வளைந்திருக்கும், அவ்வளவுதான். அந்த வளைவால் பெரிய உபயோகம் எதுவும் இல்லை, பிடிக்கவும் கொஞ்சம் கூர்மையாக உறுத்தும். இந்தியாவில் எஸ்6 49,900, எட்ஜ் 58,900. ஒரு வளைவுக்கு ஒன்பதாயிரம் ரூபாய். யார் வாங்குவார்கள் என்று சாம்சங்கே தயங்கியதோ என்னவோ, வளைந்த திரையைக் கேட்ட அளவுக்கு அவர்களால் தயாரித்துக் கொடுக்க முடியவில்லை. தோற்றத்துக்கு மட்டும் தனி விலைச்சீட்டு ஒட்டியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எச்டிசி அந்த வருடம் கொண்டுவந்த எம்9, எம்8-இன் மறுபதிப்பு மாதிரி இருந்தது. பிறகு வந்த ஏ9-ஐப் பார்த்தவர்கள் ஐபோன் 6 என்றே நினைத்தார்கள். 2017-இல் தன் போன் குழுவில் சுமார் 2,000 பேரை 110 கோடி டாலருக்கு கூகுளுக்கு மாற்றிக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது.

அன்றைக்கு என் காசு என்றால் 2013-இல் எச்டிசி, 2014-இல் திட்டிக்கொண்டே எஸ்5, 2015-இல் வளைவு இல்லாத எஸ்6. அந்த எஸ்6-க்கும் விலை இருந்தது: கண்ணாடி முதுகுக்காக மெமரி கார்டு, நீர்த்தாங்கும் தன்மை, கழற்றும் பேட்டரி மூன்றையும் விட்டுக்கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர்கள் முணுமுணுத்ததும் 2016-இன் எஸ்7-இல் கார்டு திரும்பி வந்தது, நீர்த்தாங்கும் தன்மையும் வந்தது. நகத்தால் நெம்பிப் பேட்டரி மாற்றும் அந்த மூடி மட்டும் எஸ் வரிசைக்குத் திரும்பவே இல்லை.