நாகர்கோவிலில் மாயன் நாள்பலன்: சார்ட் வாங்கலாம், ரிப்போர்ட் இப்போதைக்கு வேண்டாம்

ஜாதகமும் சோழிப் பிரசன்னமும் எண் கணிதமும் ஏற்கெனவே கொடிகட்டிப் பறக்கிற குமரி மாவட்டத்தில் மத்திய அமெரிக்காவின் மாயன் இனத்தார் பார்க்கும் நாள்பலனுக்கும் ஒரு கடை வந்துவிட்டது. நாகர்கோவிலில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. நான்கு அயிட்டம் விற்கிறார்கள்: பிறந்த தேதியை வைத்து அடித்துத் தரும் ரிப்போர்ட் 600 ரூபாய், லேமினேட் செய்த 260 நாள் சுவர் சார்ட் 250, அரைமணி நேரம் நேரில் பார்த்துச் சொல்வது 400, வீட்டில் ஏற்றுவதற்கான பூஜை கிட் 350. நான்கும் ஒரே தரம் இல்லை. பலிக்குமா என்பதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். கணக்கு சரியாக இருக்கிறதா, மரபு சொல்வதைத்தான் விற்கிறார்களா என்று மட்டும் இங்கே பார்க்கலாம்.

முதலில் சார்ட். கடையிலேயே உருப்படியான சரக்கு இதுதான். மாயன் நாள்பலனின் அடிப்படை 20 நாள்பெயர்கள், 1 முதல் 13 வரை எண்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். நம் பஞ்சாங்கத்தில் கிழமை ஏழும் நட்சத்திரம் 27ம் தனித்தனியாக ஓடுகிற மாதிரி. 20ம் 13ம் எல்லா ஜோடியும் சேர்ந்து முடிய 260 நாள். குவாத்தமாலா மலைப்பகுதியில் மாயன் இனத்தில் ஒரு பிரிவான கிச்சே மக்கள் இதைச் சோல் கிஹ் என்கிறார்கள். கல்வெட்டு ஆய்வாளர்கள் வைத்த பெயர் சோல்கின். மொமொஸ்டெனாங்கோ போன்ற ஊர்களில் அஹ்கிஹ் எனப்படும் நாள் பார்ப்பவர்கள் இன்றும் இதை விடாமல் எண்ணி வருகிறார்கள். இதோடு 365 நாள் ஆண்டுக் கணக்கும் இணைந்து ஓடி, ஒரே சேர்க்கை திரும்பி வர 52 ஆண்டு ஆகும். நமக்கு அறுபதில் பிரபவ திரும்புவது போல அவர்களுக்கு ஐம்பத்திரண்டில்.

சுவர் சார்ட் எங்கே வாங்கினாலும் சரிபார்க்க ஒரே ஒரு வரிசை போதும். 20 வரிசை, 13 பத்தி இருக்க வேண்டும். இமோஷ் என்ற முதல் நாள்பெயருக்குரிய முதல் வரிசையை இடமிருந்து வலமாகப் படித்தால் 1, 8, 2, 9, 3, 10, 4, 11, 5, 12, 6, 13, 7 என்று வர வேண்டும். இருபது நாள் முடிந்து அடுத்த பத்திக்குப் போகும்போது எண் ஏழு கூடும், 13ஐத் தாண்டினால் 13 கழியும்; அதனால்தான் இந்த வரிசை. ஆன்லைனில் கிடைக்கிற மலிவு சார்ட்டுகள் சிலவற்றில் 1, 2, 3 என்று நேராகவே போட்டிருக்கும். அது குப்பை. இந்தக் கடையின் சார்ட் சரி. எட்டாவது பத்தியில் பதினோராவது கட்டத்தில் 8 பாட்ஸ், அதாவது எண் 8, நாள்பெயர் பாட்ஸ், இருக்கிறதா என்றும் பார்க்கலாம், இருக்கிறது. மொமொஸ்டெனாங்கோவில் புதிதாக நாள் பார்க்க வருபவர்களுக்குத் தீட்சை தரும் பெரிய நாள் அது; 18.1.2025 அன்று வந்தது, 260 நாள் கழித்து 5.10.2025 அன்று மறுபடி வந்தது. குறை என்றால் எழுத்து பொடி. ஏ3 தாளில் 260 கட்டம் அடைத்தால் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. ஏ2வில் போட்டால் நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தும் வாங்குவார்கள்.

ரிப்போர்ட்டுக்கு வருவோம். வழவழ தாள், கலர் படம், நல்ல தமிழ். சிக்கல் முதல் பக்கத்தில் போட்டிருக்கும் நாளிலேயே தொடங்குகிறது. ஊரறிந்த ஒரு தேதியைப் போட்டுப் பார்க்கலாம்: 1.11.1956, குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள். ரிப்போர்ட் தருவது 'கின் 257, சிவப்பு பூமி, எண் 10'. கின் என்றால் 260இல் எத்தனையாவது நாள் என்பது, சிவப்பு பூமி நாள்பெயர்.

கையால் போட்டுப் பாருங்கள். 21.12.2012 என்பது 4 அஹ்பு. இன்னொரு மாயன் மொழியான யுகாடெக்கில் 4 அஹாவ். பழைய கல்வெட்டுகளில் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் நீண்ட கணக்கையும் இன்றைய கிச்சே கணக்கையும் பொருத்தினாலும் அதே நாள்தான் கிடைக்கிறது. 1.11.1956 முதல் அந்த நாள் வரை 20,504 நாட்கள். 13ஆல் வகுத்தால் மீதி 3. நான்கிலிருந்து மூன்று போனால் எண் 1. பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் 13 கூட்டிக்கொள்ள வேண்டும். 20ஆல் வகுத்தால் மீதி 4. அஹ்புவிலிருந்து நான்கு பெயர் பின்னால் போனால் கவோக், திஹாஷ், நோஹ், அஹ்மாக். ஆக 1 அஹ்மாக். முன்னோரை நினைத்து மன்னிப்புக் கேட்கும் நாள். ரிப்போர்ட் சொல்கிற 10ம் இல்லை, பூமியும் இல்லை.

இது தட்டச்சுப் பிழை இல்லை. கடைக்காரர் வைத்திருக்கிற சாஃப்ட்வேர் ட்ரீம்ஸ்பெல் கணக்கில் ஓடுகிறது. அமெரிக்காவில் ஹோசே அர்குவேயஸ் என்பவர் உருவாக்கிய புதுக் கணக்கு அது. 1987 ஆகஸ்டில் ஹார்மானிக் கன்வர்ஜென்ஸ் என்று உலகம் முழுக்கத் தியானம் கூட்டியவர் அவர்தான். அதில் ஆண்டு ஜூலை 26இல் தொடங்கும், 28 நாள் வீதம் 13 மாதம், மிச்சம் ஜூலை 25 ஒரு நாள். பிப்ரவரி 29ஐ எண்ணவே மாட்டார்கள். கிச்சே கணக்கில் அந்தச் சலுகை கிடையாது, ஒவ்வொரு விடியலுக்கும் ஒரு நாள். அதனால் இரண்டு கணக்குக்கும் உள்ள இடைவெளி லீப் வருடம் தோறும் ஒரு நாள் மாறும். 1956 நவம்பரில் இடைவெளி 61. நடுவில் 14 லீப் நாள் கடந்து 2012 டிசம்பரில் 47. ஆகவே 'எல்லாருக்கும் இத்தனை நாள் கழித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரே திருத்தம் சொல்லவும் வழியில்லை.

ட்ரீம்ஸ்பெல்லை நம்புகிறவர்கள் அதையே பின்பற்றட்டும், அதுவும் உள்ளுக்குள் ஒழுங்கான கணக்குதான். இங்கே நடப்பது வேறு. நாளை ட்ரீம்ஸ்பெல்லில் எடுத்து, அதன் கீழே பலனைக் குவாத்தமாலா மரபிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். சிவப்பு பூமி என்று தலைப்பு. கீழே நோஹ் நாளுக்குரிய அறிவு, யோசனை, ஆலோசனை என்ற பலன். அஹ்மாக் நாளில் பிறந்தவர் நோஹ் பலனைப் படித்துவிட்டு 'அப்படியே எனக்குச் சொன்ன மாதிரி இருக்கு' என்று சொல்லிக்கொண்டு படியிறங்குவார். பாராட்டும் வாக்கியங்கள் யாருக்கும் பொருந்தும்.

எண்ணுக்கான பக்கம் இன்னும் மோசம். பிறந்த தேதியைக் கூட்டி ஒற்றை எண்ணாக்கி, அதையே மாயன் எண் என்று ஒரு பத்தி. 1.11.1956ஐக் கூட்டினால் 24, அதாவது 6. அது நம் ஊர் எண் கணிதம். மாயன் எண் கூட்டி வருவதில்லை, 13 நாள் சுற்றில் அந்த நாள் நிற்கும் இடம் அது. பெயரில் ஓர் எழுத்து சேர்க்கச் சொல்லி யோசனை வேறு. கிச்சே மரபில் 1, 2, 3 மென்மையான எண்கள், 11, 12, 13 வேகமும் பாரமும் கூடியவை, 7, 8, 9 நடுநிலை. நடுவில் நிற்பதுதான் கையாள எளிது என்பதால் சடங்குகளுக்கு எட்டு பெரிய மரியாதை. ரிப்போர்ட்டோ '13 உச்ச அதிர்ஷ்டம், லாட்டரி யோகம்' என்கிறது. 13 பலம் கூடிய எண், சரி. அந்தப் பலம் நல்ல பக்கம்தான் திரும்பும் என்று யார் சொன்னது?

கமே நாளில் பிறந்தவர்களுக்குச் சிவப்பு மையில் 'மரண நாள்' என்று அச்சிட்டுப் பரிகாரம் சொல்லியிருப்பது கண்டிக்க வேண்டியது. கமே இறந்தோரோடும் முன்னோரோடும் தொடர்புள்ள நாள். அவர்கள் துணை நிற்பார்கள் என்று நல்ல நாளாகவே கொண்டாடுவார்கள். பரிகாரம் என்னவென்று பார்த்தால், அதே கடையின் 350 ரூபாய் கிட். தோஹ் நாளுக்கும் இதே வியாபாரம். தோஹ் கடன் தீர்க்கும் நாள்; கோயிலோ குருசடியோ, நேர்ச்சை சொன்னால் செலுத்தியே ஆக வேண்டும் என்று பழகிய நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை. ஒரு வரியில் அப்படி எழுதியிருந்தால் மனதில் நின்றிருக்கும்.

நேரில் பார்ப்பது இதைவிட மேல். உட்கார்ந்து சொல்பவருக்கு விஷயம் தெரிகிறது. குவாத்தமாலாவில் ட்ஸிட்டே மரத்துச் சிவப்பு விதைகளைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, நான்கு நான்காகப் பிரித்து வரிசையாக வைத்து, குவியலுக்கு ஒரு நாள் வீதம் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டே போய்க் கடைசிக் குவியலில் விழும் நாளை வைத்துப் பதில் சொல்வார்கள். இங்கே மஞ்சாடிக்குரு வைத்துச் செய்கிறார். குறை இல்லை, ஆனால் மஞ்சாடி பொடி. ஒரு கைப்பிடியில் அதிகம் வந்துவிடுவதால் எண்ணி முடிக்கவே அரைமணியில் பாதி போகிறது. ட்ஸிட்டே நம் கல்யாண முருங்கைக்குச் சொந்தக்காரன், ஒரே பேரினம். மிளகுக்கொடி ஏற்ற முருக்கு நட்ட தோட்டங்கள் இந்தப் பக்கம் உண்டு, விதைக்குப் பஞ்சமில்லை. அதை வைத்துக்கொண்டால் மரபுக்கும் நெருக்கம், நேரமும் மிச்சம்.

நேரில் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது அவர் கையில் இருக்கும் போன் ஆப். அது கிச்சே கணக்குதான், ஆனால் நேரம் குவாத்தமாலாவில் வைத்திருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே காலை 11.30 ஆகும்போதுதான் அங்கே தேதி மாறும். காலை பத்து மணிக்குக் கோட்டாறு ஆஸ்பத்திரியில் பிறந்தவருக்கு ஆப் முந்தைய நாளைக் காட்டும். பிறந்த ஊரின் தேதியைத்தான் எடுக்க வேண்டும், அதனால் ஆப்பில் இந்திய நேரத்தை மாற்றிப் போடச் சொல்லுங்கள், மறுக்காமல் செய்கிறார். தேதியை 5/8 என்று எழுதிக் கொடுக்காதீர்கள். ஆப் அமெரிக்க முறையில் மே 8 என்று எடுத்துக்கொள்ளும், 89 நாள் தள்ளிப் போகும். மாதத்தை எழுத்தில் எழுதிக் கொடுங்கள். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் பிறந்தவர்கள் எந்த நாளில் சேர்க்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது; பஞ்சாங்கப் பழக்கத்தில் விடியல் வரை முந்தைய நாள் என்று வைத்துவிடுகிறார், ஆப் நள்ளிரவில் மாற்றுகிறது.

கிட்டில் நான்கு மெழுகுவர்த்தி, கப் சாம்பிராணி, சிறு பொட்டலம் சர்க்கரை, திசை போட்ட அட்டை. மெழுகுவர்த்திகளின் நிறம் சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள். இங்கேதான் குட்டு வெளிப்படுகிறது. மாயன் மரபில் கிழக்கு சிவப்பு, மேற்கு கறுப்பு, வடக்கு வெள்ளை, தெற்கு மஞ்சள். கறுப்புக்குப் பதில் நீலம் வைத்தது ட்ரீம்ஸ்பெல். கறுப்பு மெழுகுவர்த்தி ஏற்ற நம் வீடுகளில் யோசிப்பார்கள் என்பது உண்மைதான். அப்படியானால் அட்டையில் அதைச் சொல்லிவிட்டு நீலம் வைக்கலாம். கப் சாம்பிராணியில் கரியும் சென்ட்டும்தான் அதிகம். அங்கே எரிப்பது கோபால் மரப்பிசின். அந்த வாசனைக்குப் பக்கத்தில் வர வேண்டுமென்றால் வடசேரியிலோ கோட்டாறிலோ நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் வாங்கி, கனன்ற கரித்துண்டின் மேல் கால் டீஸ்பூன் தூவினால் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை அதிகம். மெழுகுவர்த்தியும் தனியாக வாங்கினால் கிட் விலையில் பாதிகூட ஆகாது.

ரிப்போர்ட் வாங்கியே தீருவேன் என்பவர்கள் ஜிபே பண்ணுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் 28.2.2000, 1.3.2000 ஆகிய இரண்டு தேதிகளுக்கு நாள் என்ன என்று கேளுங்கள். 4 அஹ்பு, 6 இக் என்று பதில் வந்தால் நடுவில் பிப்ரவரி 29ஐ எண்ணியிருக்கிறார்கள், பணம் அனுப்பலாம். இரண்டும் அடுத்தடுத்த எண்ணாக வந்தால் சாஃப்ட்வேர் மாறவில்லை என்று அர்த்தம். சார்ட் மட்டும் சொல்லிவிடுங்கள், சுருட்டிக் குழாயில் போட்டு மார்த்தாண்டம், குளச்சல் வரைக்கும் கூரியரில் அனுப்புகிறார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை.