இரண்டு குதிரைத்திறன் கம்ப்ரசர்: இயந்திரம் நன்று, பிரஷர் சுவிட்சில் கவனம் தேவை

2 குதிரைத்திறன் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரும் 50 லிட்டர் டேங்கும் கொண்ட, பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் ஒன்றைப் பெயின்ட் அடிக்கவும் சில்லறைப் பட்டறை வேலைகளுக்கும் பயன்படுத்தி வருகிறேன். காற்றின் அளவிலும் உழைப்பிலும் அதன்மீது குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் வாங்கிய சில மாதங்களிலேயே அது பிரேக்கரை ஓயாமல் ட்ரிப் செய்யத் தொடங்கியது. அதைப் பற்றி "மின் இணைப்பைச் சரிபார்க்கவும்" என்பதற்கு மேல் கையேட்டில் ஒரு சொல்லும் இல்லை. தொலைபேசியில் பேசிய சேவைப் பிரிவினர் 16 ஆம்பியர் பிரேக்கரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியரைப் போடச் சொன்னார்கள். பிரேக்கர் இருப்பது சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பதற்காக. வயரை மாற்றாமல் பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால் சூடாவது வயர்தான் என்பதுகூட விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

இத்தகைய மோட்டார் ஓடும்போது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்திலோ அதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். 'பி' வகை பிரேக்கர் தன் அளவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே உடனடியாக ட்ரிப் ஆகிவிடுவதால், பழுதில்லாத மோட்டாரையும் அது கிளம்ப விடாமல் செய்யலாம். மோட்டாருக்கு ஏற்றது ஐந்து முதல் பத்து மடங்கு வரை தாங்கும் 'சி' வகை. என் இணைப்பில் ஏற்கெனவே 'சி' வகைதான் இருந்தது. கம்ப்ரசரும் நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் எதுவும் இல்லாமல் நேரடியாகவே இணைக்கப்பட்டிருந்தது. வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் மோட்டாரின் திருகுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதால், எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டுபவர்கள் முதலில் அதைத்தான் நீக்கிப் பார்க்க வேண்டும்.

எந்த நேரத்தில் ட்ரிப் ஆகிறது என்பதே பழுது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. டேங்க் காலியாக இருந்தால் மோட்டார் எந்தத் தயக்கமும் இல்லாமல் கிளம்பி, 8 பார் அழுத்தம் வரை காற்றை நிரப்பிவிட்டு நிற்கும். அழுத்தம் 6 பாருக்கு இறங்கி மறுபடி கிளம்ப வேண்டிய நேரத்தில்தான் உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும். உடனே பிரேக்கர் விழும். மோட்டார் கிளம்ப உதவும் கெபாசிட்டர் பழுதாகியிருந்தால் காலி டேங்கிலும் இதே உறுமல் கேட்டிருக்கும். ஓடத் தொடங்கி வெகுநேரம் கழித்து விழுந்திருந்தால் மோட்டாரின் சூட்டையோ பிரேக்கரில் தளர்ந்த திருகையோ சந்தேகித்திருப்பேன். விழுவது பிரேக்கராக இல்லாமல் மின்கசிவைக் கண்டறியும் ஆர்.சி.சி.பி.யாக இருந்தால், மோட்டாரில் ஈரம் புகுந்திருக்கிறதா, மின்காப்பு சிதைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது முற்றிலும் வேறு கதை.

கம்ப்ரசர் நின்றவுடன், அழுத்தத்துக்கு ஏற்ப மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பிரஷர் சுவிட்சிலிருந்து "புஸ்" என்று ஒரு சிறு சத்தம் வர வேண்டும். பிஸ்டன் தலைக்கும், டேங்கின் காற்றைப் பின்னோக்கி விடாத நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் இடைப்பட்ட குழாயில் தேங்கிய காற்றை அன்லோடர் வால்வு வெளியேற்றும் சத்தம் அது. அந்தக் காற்று வெளியேறாவிட்டால், அடுத்த முறை மோட்டார் முழு அழுத்தத்தையும் எதிர்த்துத் தள்ளிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். என் இயந்திரத்தில் அந்தச் சத்தமே வரவில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு, அன்லோடருக்குச் செல்லும் மெல்லிய குழாயின் நட்டை மெதுவாகத் தளர்த்தியபோது அடைபட்டிருந்த காற்று சீறி வெளியேறியது. நட்டை இறுக்கி மறுபடி இணைத்ததும், டேங்கில் காற்று இருக்கும்போதே மோட்டார் தடையின்றிக் கிளம்பியது. அதற்குமேல் சந்தேகத்துக்கு இடமில்லை. டேங்கின் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டுச் சுவிட்ச் மூடியைத் திறந்து பார்த்தபோது, அன்லோடரின் ஊசியை அழுத்த வேண்டிய தகடு அதைத் தொடாமலே நின்றுகொண்டிருந்தது. இது தேய்மானத்தால் வந்த பழுது அன்று. தொழிற்சாலையில் சரியாகப் பொருத்தாத குறை. புதிய பிரஷர் சுவிட்ச் ஒன்றைப் பொருத்திய பிறகு இந்தத் தொல்லை திரும்பவில்லை.

நின்ற பிறகு சத்தம் ஓயாமல் தொடர்ந்தால் பழுது நான்-ரிட்டர்ன் வால்வில் இருக்கிறது. அது பொருந்தி மூடும் இடத்தில் துகள் படிந்து, டேங்கின் காற்று பின்னோக்கிக் கசிகிறது என்று பொருள். டேங்கில் காற்று இருக்கும்போது அந்த வால்வைக் கழற்றவே கூடாது. கெபாசிட்டரும் இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கும் என்பதால், பழகாதவர்கள் அதை மின்பணியாளரிடம் விட்டுவிடுவதே நல்லது.

இயந்திரத்துக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண். கையேட்டுக்கும் சேவைக்கும் ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. இந்த வகைக் கம்ப்ரசரை வாங்குபவர்கள், அதை ஒருமுறை முழு அழுத்தம் வரை ஓட்டி நிறுத்தச் சொல்லி, அந்தச் சத்தம் வந்து உடனே அடங்குகிறதா என்று கடையிலேயே கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.