நினைவுநாள் பனர் அடிக்கக் கொடுக்கும்போது: வவுனியாக் கடை ஒன்றின் சேவை

பள்ளிக்கூடங்களும் சனசமூக நிலையங்களும் நினைவுநாள் பனருக்குப் போகிற வவுனியா நகரத்துப் பிளெக்ஸ் கடைகளில் இதுவும் ஒன்று. அச்சு நல்லது, கறுப்பு சாம்பலாகாமல் விழுகிறது. 8 அடிக்கு 4 அடிப் பனருக்குக் காலையில் கோப்பைக் கொடுத்தால் மாலையில் எடுக்கலாம். காசு சதுர அடிக் கணக்கு. பிழை எல்லாம் அச்சுக்கு முந்தின வேலையில்தான்.

கடைக் கணினியில் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருதான். கைபேசியில் யுனிகோட்டில் தட்டியதைக் கடையின் பழைய மென்பொருளில் ஒட்டினால், 'கொ', 'தோ' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி நிற்கும். எழுத்துருவை உள்ளே சேர்த்த பிடிஎஃப் ஆகக் கொடுப்பதே பாதுகாப்பு. படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் 1600 புள்ளி (பிக்செல்) அளவுக்குச் சுருங்கிவிடும். அதை 3 அடிக்கு விரித்தால் அங்குலத்துக்கு 44 புள்ளிதான் வரும், முகம் கலங்கும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள்.

இனித் திகதி. போன வருடக் கோப்பைத் திறந்து ஆண்டை மட்டும் மாற்றுவது கடையின் வழக்கம். ஒருமுறை ஏறிய பிழை வருடாவருடம் தொடர்வது இதனால்தான். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய நாள் 25.08.1803. கற்சிலைமடுவில் நட்ட கல் சொல்லும் 31.10.1803, ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்த நாள். அது இறந்த நாள் என்று கல்லில் இல்லை. இரண்டையும் குழப்பி 'வீரமரணம்' என்று அடித்த பனரை வன்னிக்குள்ளேயே தொங்கவிடுவது பெரிய குறை. படமும் அப்படித்தான்: ஒளிப்படக்கலை உலகுக்கு வந்ததே 1839இல், ஆகவே அவனுடைய எந்த உருவமும் கற்பனைதான். மூலையில் 'கற்பனை ஓவியம்' என்று சின்னதாகப் போடச் சொல்லுங்கள்.

ஆறுமுக நாவலர் பிறந்தது 18.12.1822, மறைந்தது 05.12.1879. குருபூசையோ கார்த்திகை மகத்தில்; ஆங்கிலத் திகதி வருடாவருடம் மாறும். பஞ்சாங்கம் பாராமல் டிசம்பர் 5 என்று அடித்தால் பனர் ஒருநாளிலும் ஆட்கள் இன்னொருநாளிலும் நிற்பார்கள். பாரதியார் பிரிந்தது 1921 செப்டெம்பர் 11 நள்ளிரவு தாண்டி. ஆங்கிலக் கணக்கில் 12. எதைப் போட்டாலும் அழைப்பிதழிலும் பனரிலும் ஒன்றாகவே இருக்கட்டும். எண்ணிக்கையிலும் ஒரு கவனம்: 18.12.2022இல் நாவலருக்கு 200 ஆண்டு நிறைந்தது, அன்றே 201ஆவது ஆண்டு தொடங்கியது. 'நிறைவு' என்ற சொல் விடுபட்டால் ஓர் ஆண்டு பிசகும்.

சரிபார்க்க ஒரு தாளில் எடுத்துத் தரச் சொன்னால் முகம் சுழிக்காமல் தருகிறார்கள். கேளாவிட்டால் நேரே இயந்திரத்துக்குப் போய்விடும். திகதி தெரிந்த ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து வாசிக்கவையுங்கள்.

ஓகஸ்ட் பனர் என்றால் சோளகக் காற்றையும் (தென்மேற்குக் காற்று) யோசிக்க வேண்டும். கடையில் நான்கு மூலைக்கு மட்டும் வளையம் அடித்துத் தருகிறார்கள்; காற்று முதலில் கிழிப்பது அங்கேதான். ஓரத்தை 2 அங்குலம் மடித்து, 2 அடிக்கு ஒரு வளையம் கேளுங்கள். நடுவே காற்றுப் போக அரைவட்டம் வெட்ட விடாதீர்கள், அந்த வெட்டின் நுனியிலிருந்தே பிளெக்ஸ் கிழியத் தொடங்கும்.