வேலூரில் தடுப்பூசி விலக்கு லெட்டர்: எங்கே வாங்கினால் உருப்படியாக இருக்கும்?

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ எல்.கே.ஜி. அட்மிஷனுக்குப் போனால் பிறப்புச் சான்றிதழ், ஆதார் ஜெராக்ஸோடு தடுப்பூசி அட்டையையும் கேட்கிற பள்ளிகள் உண்டு. அட்டையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், “போட்டுட்டு வாங்க, இல்லன்னா டாக்டர் லெட்டர் கொண்டாங்க” என்பார்கள். அந்த லெட்டர்தான் இங்கே விமர்சனத்துக்கு வந்திருக்கும் சரக்கு. நம்மூரில் அது மூன்று இடங்களில் கிடைக்கும்: தெருமுனை கிளினிக், பெரிய மருத்துவமனையின் சிறப்புப் பிரிவு, ஆரம்ப சுகாதார நிலையம். மூன்றும் ஒரே தரம் என்று நினைத்து எங்கே கூட்டம் குறைவோ அங்கே போகிறவர்கள்தான் மறுபடி மறுபடி அலைகிறார்கள்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடலாம். தடுப்பூசி போட்டால்தான் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் தேசியச் சட்டம் நம் நாட்டில் இல்லை. பள்ளி கேட்பது அதன் நிர்வாக வழக்கம். சட்டம் இல்லாததால் அச்சடித்த படிவமும் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுப்பதுதான் லெட்டர். தரம் ஆளுக்கு ஆள் மாறுவதற்குக் காரணமே இதுதான்.

கிளினிக் லெட்டர்

மருந்துச் சீட்டுத் தாள். மேலே டாக்டர் பெயர், கீழே சாய்வாகக் குத்திய ரப்பர் ஸ்டாம்ப், நடுவில் ஒரே வரி: ‘குழந்தைக்கு அலர்ஜி இருப்பதால் தடுப்பூசி தவிர்க்கவும்’. எதற்கு அலர்ஜி, எந்தத் தடுப்பூசி, எத்தனை நாளைக்கு என்று எதுவும் இருக்காது. ஐந்து நிமிடத்தில் கிடைக்கும், கன்சல்டிங் பீஸோடு முடியும். பள்ளி கிளார்க் ஃபைலில் செருகிக்கொண்டால் சரி. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவின் டாக்டர் கண்ணில் பட்டால் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.

எல்லாத் தடுப்பூசியையும் ஒரே காரணத்துக்காகத் தவிர்க்கச் சொல்வது பெரும்பாலும் அர்த்தமில்லாதது. பள்ளி வயதுக் குழந்தையின் அட்டையில் என்ன மிச்சம் இருக்கும் என்று பாருங்கள். காசநோய்க்கான பி.சி.ஜி.க்கும் வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டுக்கும் அரசு அட்டவணையில் ஒரு வயதோடு காலம் முடிந்துவிடுகிறது. பாக்கி இருக்கக்கூடியது 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) இரண்டாம் தவணை, டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) முதல் பூஸ்டர், போலியோ பூஸ்டர் சொட்டு. பிறகு 5-6 வயதில் டி.பி.டி. இரண்டாம் பூஸ்டர். இதில் எம்.ஆரும் போலியோ சொட்டும் உயிருள்ள, வலுவிழந்த கிருமி. டி.பி.டி.யில் உயிருள்ள கிருமி கிடையாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கு முதல் வகையைத் தள்ளிப்போட நியாயம் உண்டு. அதே காரணத்தைச் சொல்லி டி.பி.டி.யை நிறுத்துவதற்கு இல்லை.

‘அலர்ஜி’ என்ற சொல்லும் அப்படித்தான். விலக்குக்குக் கணக்கில் வருவது அனபிலாக்ஸிஸ் மட்டும்: ஊசி போட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம். முந்தைய தவணைக்கு அப்படி ஆகியிருக்க வேண்டும், அல்லது ஊசியில் உள்ள ஒரு பொருளுக்கு ஆகியிருக்க வேண்டும். எம்.ஆரில் அந்தப் பொருள்கள் ஜெலட்டினும், மிகச் சிறிய அளவில் நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும். முட்டை அலர்ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே அரசு போடும் எம்.ஆர். ஊசியின் தட்டம்மைக் கிருமி பெரும்பாலும் மனித செல்களில் வளர்க்கப்படுவது, கோழிக் கருவில் அல்ல. ‘முட்டை சாப்பிட்டால் அரிக்குது’ என்பதற்காக எம்.ஆருக்கு விலக்கு எழுதிய லெட்டர், எழுதியவர் கையில் இருக்கும் குப்பியின் லேபிளைக்கூடப் படிக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

சளி, லேசான காய்ச்சல், ஆன்டிபயாடிக் குடிப்பது, குறைமாதப் பிறப்பு, எடை குறைவு, ஆஸ்துமா இன்ஹேலர், வீட்டில் யாருக்கோ வலிப்பு: இவை எதுவுமே விலக்குக் காரணம் இல்லை. காய்ச்சலில் ஒரு தடவை வந்த வலிப்பும் இல்லை. கட்டுக்குள் வராத வலிப்பு நோய் என்றால் அது நிலைப்படும்வரை டி.பி.டி.யைத் தள்ளிவைப்பார்கள். நிரந்தரமாக நிறுத்துவது, ஊசி போட்ட 7 நாளுக்குள் வேறு காரணம் தெரியாத மூளைப் பாதிப்பு வந்திருந்தால்தான். அப்போதும் நிற்பது கக்குவான் பகுதி மட்டுமே.

பொய்யாகவோ திசைதிருப்பும்படியோ சான்று எழுதுவது 2002ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகளின்படி தொழில்முறைக் குற்றம். பதிவேட்டிலிருந்து பெயரே நீக்கப்படலாம். அந்த ஒரு வரி லெட்டரைக் கேட்டு நிற்பவர்கள் டாக்டரை என்ன இக்கட்டில் நிறுத்துகிறோம் என்று யோசிப்பதில்லை.

சிறப்புப் பிரிவு லெட்டர்

உண்மையிலேயே விலக்கு தேவைப்படும் குழந்தைகள் பெரும்பாலும் ஏற்கெனவே ஏதாவது ஒரு பெரிய மருத்துவமனையின் ஓ.பி.யில் ஃபைல் வைத்திருப்பவர்கள். லெட்டரை அந்தப் பிரிவிலேயே வாங்குங்கள். வேறு எங்கும் வேண்டாம். ரோட்டாவேக் சொட்டு மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை டெல்லி, புனேவோடு நடந்த ஊர் இது. சரியான லெட்டர் எழுதத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை, நாம் சரியான கதவைத் தட்டுவதில்லை.

அடிக்கடி வருவது நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோய் உள்ள குழந்தைகள், முகம் வீங்கி, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் இருப்பவர்கள். கணக்கு இது: கிலோவுக்கு 2 மி.கி. அல்லது அதற்கு மேல், அல்லது 10 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைக்கு தினம் 20 மி.கி. அல்லது அதற்கு மேல், 14 நாளோ அதிகமோ சாப்பிட்டால் உயிருள்ள தடுப்பூசி கூடாது. நிறுத்திய பின் குறைந்தது 4 வாரம் பொறுக்க வேண்டும். இரைப்புக்கு ஐந்து நாள் கொடுத்த ஸ்டீராய்டு இதில் சேராது. ஆகவே லெட்டரில் ‘ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்’ என்று மட்டும் இருந்தால் போதாது. அளவு, தொடங்கிய தேதி, நிறுத்தும் தேதி மூன்றும் வேண்டும்.

ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ முடித்த குழந்தைக்குக் குறைந்தது 3 மாதம். பல டாக்டர்கள் 6 மாதம் பொறுப்பார்கள். ரத்தம் ஏற்றியவர்கள், இம்யூனோகுளோபுலின் (ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் பொருள்) ஏற்றியவர்கள் கதை வேறு. ஏற்றிய ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள் எம்.ஆர். கிருமியை அமுக்கிவிடும். ஊசி ஆபத்து இல்லை, வீண். சிவப்பணு ஏற்றினால் 6 மாதம், ரத்தக் குழாய் அழற்சியான கவாசாகி நோய்க்கு கிலோவுக்கு 2 கிராம் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் 11 மாதம் இடைவெளி. இங்கேதான் தேதி பிசகும்: டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏற்றிய தேதி இருக்கும், லெட்டரில் டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து எண்ணியிருப்பார்கள்.

நல்ல லெட்டர் எப்படி இருக்கும் என்றால்: குழந்தையின் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், நோயின் பெயர், நிறுத்தப்படும் தடுப்பூசி எது, காரணம் என்ன, எந்தத் தேதிவரை, மற்றத் தடுப்பூசிகளைப் போடலாம் என்ற ஒரு வரி, டாக்டரின் கவுன்சில் பதிவு எண். ‘போடலாம்’ என்ற அந்த வரி பலர் விட்டுவிடுவது. அது இல்லாவிட்டால் சுகாதார நிலையத்தில் நர்சம்மா பயந்து எதையும் போட மாட்டார். இன்னொரு வரியும் கேட்டு வாங்குங்கள்: எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த குழந்தையோடு ஒரே வீட்டில் இருக்கும் தம்பி தங்கைக்கு எம்.ஆர். போடலாம், போட வேண்டும். போலியோ மட்டும் சொட்டாக இல்லாமல் ஊசியாக.

குறை என்னவென்றால் நேரம். ஓ.பி. டோக்கன், ஃபைல் வருவது, சீனியர் கையெழுத்து என்று ஒரு நாள் போய்விடும். லெட்டருக்கென்று தனியாகப் போகாமல் அடுத்த ரிவ்யூ அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது. பழைய ரெக்கார்டு நகல் வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன.

சுகாதார நிலையம்

விலக்கு லெட்டருக்கு இங்கே வருபவர்கள் பெரும்பாலும் லெட்டர் இல்லாமல் திரும்புகிறார்கள், அதுதான் இதன் சிறப்பு. காலிக் கட்டத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

“சிஸ்டர், போன தடவ போட்டதுக்கு ரெண்டு நாளு காய்ச்சல், தொட வீங்கிடுச்சு. டாக்டர்கிட்ட சொல்லி வேணாம்னு எழுதி வாங்கித் தாங்க.”

“அது டி.பி.டி. போட்டா வர்றதுதாம்மா. வெயிட் பாத்து பாராசிட்டமால் தர்றேன். அட்டைய எடுங்க.”

கிலோவுக்கு 15 மி.கி. பாராசிட்டமால், 12 கிலோ குழந்தைக்கு 180 மி.கி. ஸ்பூன் கணக்கு வேண்டாம்: சிரப் பாட்டிலுக்குப் பாட்டில் 5 மில்லியில் 120, 250 என்று மாறும்.

இரண்டு கட்டம் காலி என்றால் ஒரே நாளில் இரண்டும் போடலாம், எம்.ஆர். வலது கையில் தோலுக்கடியில், டி.பி.டி. தனி இடத்தில் தசையில். எம்.ஆர். ஒன்றுமே போடாத நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை. அரசு அட்டவணையில் எம்.ஆருக்கு வயது வரம்பு 5, டி.பி.டி.க்கு 7. ‘யூ.கே.ஜி. முடியட்டும்’ என்று தள்ளுகிறவர்கள் இந்த வரம்பில்தான் மாட்டுகிறார்கள்.

புதன்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். எம்.ஆர். குப்பி பல தவணைக்கானது, தூளாக வரும். கரைத்த பிறகு 4 மணி நேரம்தான் ஆயுள், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். மதியம் தனியாக ஒரு குழந்தையோடு போனால் ‘அடுத்த வாரம் வாங்க’ என்பது சோம்பேறித்தனம் இல்லை, புதுக் குப்பி உடைக்கத் தயக்கம். விருப்பமிருந்தால் குப்பியின் மூடியிலோ லேபிளிலோ உள்ள அடையாளத்தைப் பாருங்கள்: வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூடுபடவில்லை. ஊசிக்குப் பின் 30 நிமிடம் உட்காருங்கள். அனபிலாக்ஸிஸ் வந்தால் அட்ரினலின் கையெட்டும் இடம் அது, பஸ் ஸ்டாண்டு இல்லை.

குறை: அட்டை தொலைத்தவர்களுக்கு இங்கே பொறுமை வேண்டும். கர்ப்பப் பதிவின் பிக்மி எண்ணோ அம்மாவின் மொபைல் எண்ணோ இருந்தால் பதிவேட்டில் தேடலாம். அரசின் தடுப்பூசி இணையப் பதிவான யூ-வின்னில் ஏறியிருந்தால் சான்றிதழை மொபைலிலேயே இறக்கிக்கொள்ளலாம். பிரசவத்துக்குத் தாய் வீடு குடியாத்தம், பிறகு ஊசி வேறு ஊர் என்றால் இரண்டு இடத்தின் பதிவும் வேண்டும்.

அமெரிக்கா போகிறவர்கள்

காட்பாடிப் பக்கம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கலிபோர்னியாவில் 2016 ஜூலை முதல் ‘எங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது’ என்ற விலக்கு பள்ளிகளில் கிடையாது. 2021 ஜனவரி 1 முதல் புதிய மருத்துவ விலக்கு எல்லாம் கேர்-எம்.இ. என்ற மாநில இணைய அமைப்பு வழியாக, அந்த மாநில உரிமம் பெற்ற டாக்டர் மூலம்தான். இங்கிருந்து எவ்வளவு அழகாக லெட்டர் கொண்டுபோனாலும் பள்ளி அதை விலக்காக ஏற்காது. நோய் விவரத்துக்கு ஆதாரமாக அங்கே டாக்டரிடம் காட்டலாம், அவ்வளவே.

விலக்கைவிட அங்கே உதைப்பது நம் அட்டைதான். ஒன்பதாம் மாதம் போட்ட எம்.ஆர். கணக்கில் வராது, முதல் பிறந்தநாளுக்குப் பின் போட்டதுதான் வரும். எம்.ஆரில் பொன்னுக்குவீங்கி இல்லை, அவர்கள் கேட்பது அதுவும் சேர்ந்த எம்.எம்.ஆர். இரண்டு தவணை. சின்னம்மை ஊசி நம் அரசு அட்டவணையிலேயே கிடையாது, அங்கே இரண்டு வேண்டும். எம்.எம்.ஆரும் சின்னம்மையும் ஒரே நாளில் போடலாம். தவறினால் நடுவே 28 நாள் இடைவெளி கட்டாயம். டிக்கெட் எடுத்த பிறகு இதைத் தொடங்கினால் நாள் போதாது. விசா நேர்காணலுக்குத் தேதி போட்ட வாரத்திலேயே தனியார் குழந்தை மருத்துவரிடம் எம்.எம்.ஆர்., சின்னம்மை முதல் தவணைகளைப் போட்டு, தேதியும் பேட்ச் எண்ணும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.