சுரங்க வைரமா, லேப் வைரமா, இலங்கை நீலமா?

அமெரிக்காவில் நிச்சயதார்த்த மோதிரம் என்றால் வைரம்தான், அதுவும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் என்று பலர் நம்புகிறார்கள். 1477-இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன் பர்கண்டி மேரிக்கு வைர மோதிரம் கொடுத்ததை ஆதாரமாகச் சொல்வார்கள். அது அரண்மனைக் கதை. 1860-களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைத்த பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களுக்கு அது எட்டியது. கல் குவிந்தால் விலை விழுமே என்று 1888-இல் தொடங்கிய டி பீர்ஸ் என்ற வைர நிறுவனம் சந்தைக்கு வரும் வைரத்தின் அளவைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது, அப்புறம் பொருளாதார மந்தத்தில் விற்பனை படுத்ததும் 1938-இல் ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்தியது, அங்கே வேலை பார்த்த பிரான்சஸ் கெரட்டி 1947-இல் எழுதிய 'வைரம் என்றென்றைக்கும்' என்ற ஒரே வரிதான் இன்று நாம் மரபு என்று சொல்வதில் பெரும்பகுதி. இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்ற கணக்கும் 1980-களில் விளம்பரம் சொல்லிக்கொடுத்ததுதான்.

இது தெரிந்துவிட்டால் எதை வாங்குவது என்று பயமில்லாமல் யோசிக்கலாம்.

சுரங்க வைரத்தில் நாம் காசு கொடுப்பது அதன் வயதுக்கும் அரிதுக்கும். பெரும்பாலான கற்கள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை; அந்த எண்ணமே சிலருக்கு மனதைத் தொடும், அதில் தப்பில்லை. போட்ஸ்வானா போன்ற நாட்டில் வைர வருமானம் பள்ளிக்கூடமும் சாலையுமாக மாறியதும் உண்மை. ஆனால் 2003-இல் வந்த கிம்பர்லி சான்று, வைரம் விற்ற பணம் கிளர்ச்சிப் படைகளுக்குப் போவதைத் தடுக்க வந்தது, சுரங்கத் தொழிலாளியின் நிலைமையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கடையில் திருப்பிக் கொடுத்தால் போட்ட பணமும் வராது, தங்கம் மாதிரி நினைத்து வாங்காதீர்கள்.

ஆய்வகத்தில் வளர்க்கும் லேப் வைரமும் வைரமேதான், போலி இல்லை. அதே கார்பன், அதே கடினம், வெறும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சிறு வைரத் துண்டை விதையாக வைத்து மீத்தேனும் ஹைட்ரஜனும் செலுத்திச் சில வாரங்களில் வளர்த்துவிடுகிறார்கள். 2018-இல் டி பீர்ஸே இதைக் காரட் 800 டாலருக்கு விற்கத் தொடங்கியது, விலை சரிந்துகொண்டே போனதில் 2025-இல் அந்தக் கடையை மூடப்போவதாக அறிவித்தது. இன்று வாங்கும் கல் அடுத்த வருடம் இன்னும் மலிவாகலாம். பெரிய கல் வேண்டும், பட்ஜெட் சிறியது என்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம், வளர்க்க மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேளுங்கள்.

என் ஓட்டு நீலக்கல்லுக்கு. 1981-இல் பிரிட்டன் இளவரசி டயானா தன் நிச்சயத்துக்குத் தேர்ந்தெடுத்தது இலங்கை நீலம், 2010-இல் அதே மோதிரம் அவர் மகன் வில்லியமை மணக்கவிருந்த கேத்தரின் விரலுக்குப் போனது. ஐரோப்பாவில் வைர விளம்பரங்களுக்கு முன்பே நிறக்கற்களால் நிச்சயம் செய்துகொண்டார்கள், ஜோசபினுக்கு நெப்போலியன் கொடுத்த மோதிரத்திலும் வைரத்தோடு ஒரு நீலம் உண்டு. பத்து வரை போகும் கடின அளவுகோலில் வைரம் 10, நீலம் 9; தினமும் போட்டுக்கொள்ள அது போதும். சந்தைக்கு வரும் நீலத்தில் பெரும்பாலானது நிறம் கூட்டச் சூடாக்கப்பட்டது, அதனால் சூடு காட்டாத கல் என்று சொல்லி அதிக விலை கேட்டால் ரத்தினப் பரிசோதனைக்கூடத்தின் சான்று இல்லாமல் வாங்க வேண்டாம். நம் வீடுகளில் நீலம் என்றதும் சனி, ஒத்துக்கொள்ளுமா என்று பெரியவர்கள் பதறுவார்கள், அங்கே வாதாடி ஜெயிக்க முடியாது. முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

கடைக்குப் போகும் முன் பாட்டியின் வைரத்தோட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 'புளூ ஜாகர்' என்று நம்மவர்கள் சொல்லும் வைர ரகத்தின் பெயரே தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. பாட்டி மனசார சம்மதித்தால் அதில் ஒரு கல்லைக் கழற்றி மோதிரத்தில் பதித்துக்கொள்ளலாம், கூலியும் தங்கமும்தான் செலவு.