மூன்று ஓஎஸ், ஒரு வீடு: லோக்கல்சென்ட் எப்படி இருக்கிறது?

குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் ஓடுகின்றன. ஆசைப்பட்டுச் சேர்த்ததல்ல, அதுவாக அமைந்தது. கல்யாண ஆல்பம், கார்டு, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் நான் டிசைன் செய்வது கீழே இருக்கும் விண்டோஸ் டெஸ்க்டாப்பில். வீடியோ எடுக்கும் அண்ணன் மாடியில் மேக்புக் வைத்திருக்கிறார். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு சப்போர்ட் நின்றதும், மகள் தன் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டாள். ஒரு கல்யாணம் முடிந்தால் மாடியிலிருந்து கீழே முப்பது, நாற்பது ஜிபி இறங்க வேண்டும். அதற்கு இப்போது லோக்கல்சென்ட் என்ற ஃபைல் அனுப்பும் ஆப்பைப் பயன்படுத்துகிறோம்.

முன்பெல்லாம் பென் டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும்தான். விண்டோஸில் பயன்படுத்தும் டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கும். அதை மேக் படிக்கும், ஆனால் தனியாக ஒரு மென்பொருள் போடாமல் அதில் எழுதாது. எஃப்ஏடி32-ஆக மாற்றினால் எல்லாம் படிக்கும், எழுதும். ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. முகூர்த்த வீடியோ எந்தக் காலத்தில் 4 ஜிபிக்குள் நின்றது? எக்ஸ்ஃபேட் ஒன்றுதான் மூன்றுக்கும் பொது. டிஸ்க் வைத்தே வேலை செய்பவர்கள் அந்த ஃபார்மட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

லோக்கல்சென்ட் இந்த மாடிப்படி வேலையை இல்லாமல் ஆக்குகிறது. இலவசம், ஓப்பன் சோர்ஸ், விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றுக்கும் உண்டு. எல்லாக் கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒன்றையொன்று தானாகக் கண்டுபிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு பழத்தின் பெயரை அதுவே வைத்துவிடும். மகளுக்கு அது பிடித்திருக்கிறது, நான் உடனே ‘கீழ் வீடு’ என்று மாற்றிவிட்டேன். ஃபைலையோ முழு ஃபோல்டரையோ தேர்ந்தெடுத்து, யாருக்கு என்று தட்டினால் அங்கே ஏற்கவா என்று கேட்கும். அவ்வளவுதான். போகும் வழியில் வேறு யாரும் படிக்க முடியாதபடி என்கிரிப்ஷனும் உண்டு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, இன்டர்நெட் இல்லாமல் வேலை செய்வது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவ மழையும் உண்டு. இடி மின்னலோடு கொட்டினால் கேபிள் எங்கேயாவது அறுந்து நெட் போய்விடும். 2017-இல் ஓகி புயல் அடித்தபோது கரண்டே நாள்கணக்கில் இல்லை. அதற்குப் பிறகு வாங்கிய இன்வெர்ட்டரில் ரவுட்டரையும் சேர்த்துவிட்டோம். ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தால் போதும், வீட்டுக்குள் ஃபைல் ஓடும். கூகுள் டிரைவில் ஏற்றி இறக்கினால் மாடியிலிருக்கும் படம் ஊரெல்லாம் சுற்றித்தான் கீழே வரும்.

முதல் நாள் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். கருவிகள் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். விண்டோஸில் வீட்டு வைஃபை ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள், ஃபயர்வால் கேட்கும்போது அனுமதி கொடுங்கள். மேக்ஓஎஸ் 15 முதல், லோக்கல் நெட்வொர்க்கைப் பார்க்க ஒவ்வொரு ஆப்பும் அனுமதி கேட்கும். அங்கே ‘வேண்டாம்’ என்று தட்டியிருந்தால் எதுவும் தென்படாது. மூன்றாவது இடம் ரவுட்டர். ‘ஏபி ஐசொலேஷன்’ என்ற வசதி ஆனில் இருந்தால் ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் பேசிக்கொள்ள முடியாது. விருந்தாளிகளுக்கான கெஸ்ட் வைஃபையிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

வேகத்துக்கு ஆப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. என் டெஸ்க்டாப் கேபிளில் போகிறது. ரவுட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) என்றால், ஒரு நொடிக்குப் பதினொரு எம்பிக்கு மேல் யார் நினைத்தாலும் போகாது. 40 ஜிபிக்கு ஒரு மணி நேரம். ஜிகாபிட் போர்ட் உள்ள ரவுட்டர் வாங்குவது இதற்கு ஒழுங்கான மருந்து. வைஃபை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் நல்லது. ஆனால் கட்டியான கல்சுவர் வைத்த பழைய வீடுகளில் அது இரண்டு அறை தாண்டுவதற்குள் சோர்ந்துபோகும்.

சரி, குறை? இது கொடுத்து வாங்கும் ஆப், பொதுவான அலமாரி இல்லை. நான் திருத்திய ஆல்பம் ஃபைலை அண்ணன் பார்க்க வேண்டுமென்றால் மறுபடியும் அனுப்பத்தான் வேண்டும். நாலு நாளில் ஒரே ஆல்பம் மூன்று கம்ப்யூட்டரில் மூன்று விதமாக இருக்கும். “எது கடைசி?” என்று அண்ணன் மாடியிலிருந்து கூப்பிட, “நேத்து ராத்திரி அனுப்பினது, அண்ணா” என்று நான் கீழிருந்து கத்த, அடுக்களையில் மைனிக்குச் சிரிப்பு.

அலமாரி வேண்டுமென்றால், ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரை மற்றவற்றிலிருந்தும் திறக்க வைக்கும் பழைய எஸ்எம்பி ஷேர்தான். விண்டோஸிலும் மேக்கிலும் அது கூடவே வருகிறது. லினக்ஸுக்கு, ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992-இல் தொடங்கிய சம்பா இருக்கிறது. மகள் தன் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை அப்படித் திறந்து வைத்திருக்கிறாள், முடிந்த ஆல்பங்கள் மட்டும் அங்கே போகும். பாஸ்வேர்டு இல்லாமல் ஷேர் வைக்க நினைக்காதீர்கள். விண்டோஸ் 11 ப்ரோவில் 24எச்2 பதிப்பு முதல் அப்படிப்பட்ட ஷேரை அது திறக்காது. யூசர் பெயர், பாஸ்வேர்டு போட்டே அமையுங்கள். இதை அமைக்க விவரம் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். லோக்கல்சென்ட்டை மைனியே போட்டுக்கொண்டார்.

ஆல்பம் பார்க்க வருகிற கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் லோக்கல்சென்ட் உதவுகிறது. அவர்கள் போனில் ஆப் இல்லையென்றால் ‘ஷேர் வயா லிங்க்’ கொடுத்தால் போதும். நம் வைஃபையில் சேர்ந்து, அந்த முகவரியை பிரவுசரில் அடித்தால் படங்கள் இறங்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். இதில் அப்படியே போகும். இறங்கி முடியும்வரை போன் திரையை அணையவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைப்பேன்.