பயிற்சி லேபுக்கு இரண்டு நிறப் பற்கள் வாங்கலாமா?

பல் மருத்துவ மாணவர்களுக்குப் பல்லை ராவி கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை) வைக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. டைப்போடான்டில் (பயிற்சிக்கான மாதிரித் தாடை) மாட்டும் ஒரே நிறப் பிளாஸ்டிக் பற்களோடு, மேலே வெள்ளை எனாமல், உள்ளே மஞ்சள் டென்டின் என்று இரண்டு அடுக்காக வரும் பற்களையும் இப்போது பயன்படுத்துகிறோம். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் மாணவர்கள் முதன்முதலில் பர் (பல்லை ராவும் சுழல் முனை) பிடிக்கும்போது இதைக் கையில் கொடுக்காதீர்கள்.

காரணம் அந்த மஞ்சள்தான். "மேடம், மஞ்சள் வந்துடுச்சு, போதுமா?" என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எவ்வளவு ராவியிருக்கிறோம் என்பதை நிறம் எப்படிச் சொல்லும்? நிஜப் பல்லில் எனாமல் கடைவாய்ப்பல்லின் முனையில் தடியாக இருந்து, ஈறோரம் வர வர மெலிந்து ஒன்றுமில்லாமல் போகும். உலோகத்தின் மேல் பீங்கான் வைக்கும் கிரவுனுக்குக் கடிக்கும் பரப்பில் 1.5 முதல் 2 மி.மீ. வரை எடுக்க வேண்டும். அவ்வளவு எடுத்த பிறகும் முனையில் வெள்ளை மிச்சம் இருக்கலாம். ஈறோரத்திலோ கொஞ்சம் ராவியதுமே மஞ்சள் எட்டிப்பார்க்கும். அங்கே 'போதும்' என்று நிறுத்தினால் பீங்கானுக்கு இடம் இருக்காது. டெக்னீஷியன் வேறு வழியின்றி கிரவுனைப் புடைப்பாகச் செய்வார், ஈறு வீங்கும்.

போதாததற்கு, எங்களுக்கு வந்த பல் ஒன்றை நடுவில் வெட்டிப் பார்த்தேன். வெள்ளை அடுக்கு முனையிலும் ஈறோரத்திலும் கிட்டத்தட்ட ஒரே தடிமன்! இதைப் பார்த்துப் பழகுகிறவர் நிஜ எனாமலைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வார்?

அதனால் முதலில் ஒரே நிறப் பல்லும் புட்டி இன்டெக்ஸும்தான் (புட்டி என்பது மாவு போலப் பிசைந்து அச்செடுக்கும் பொருள்). ராவுவதற்கு முன்பே பல்லின் மேல் புட்டியை அழுத்தி அச்செடுத்து, அதை நடுவில் பிளந்து வைத்துக்கொள்ள வேண்டும். ராவ ராவ அந்தப் பாதியைத் திரும்பப் பொருத்தி, இடைவெளியைப் புரோப் என்ற அளவுக் கம்பியால் அளந்தால் எவ்வளவு ராவியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும். எவ்வளவு ஆழம் ராவ வேண்டும் என்பதற்கு அடையாளமாக முதலில் போடும் பள்ளங்களும் அப்போதுதான் அர்த்தப்படும்.

சரி, இரண்டு நிறம் எங்கே பிரமாதம் என்றால், மார்ஜினில், அதாவது ராவிய பகுதி முடியும் ஓரத்தில். வெறும் வெள்ளைப் பல்லில், ஃபேன்டம் ஹெட் (பயிற்சிக்கான பொம்மைத் தலை) விளக்கின் கீழ் சாம்ஃபர் (மார்ஜினில் வளைவாக வெட்டும் விளிம்பு) எங்கே முடிகிறது என்றே தெரியாது. இதில் கோடு பளிச்சென்று தெரிகிறது. உருண்டை முனையோடு நுனி நோக்கிக் குறுகும் டேப்பர் பர்ரின் முனையில் பாதி அகலத்துக்கு மேல் பல்லுக்குள் இறங்கிவிட்டால், வெளியோரத்தில் மெல்லிய உதடு போல ஒன்று எழும்பி நிற்கும். ஒரே நிறப் பல்லில் அதைக் காட்டிப் புரியவைக்க நான் படாத பாடு படுவேன். இதில் மஞ்சளுக்குப் பக்கத்தில் வெள்ளை இழையாக நிற்பதால், நான் வாய் திறப்பதற்குள் மாணவரே பார்த்துவிடுகிறார். இந்த ஒன்றுக்காகவே இரண்டாம் கட்டப் பயிற்சிக்கு வாங்கலாம்.

நிறம் மாறுகிறதே தவிர, கைக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எனாமலிலிருந்து டென்டினுக்குள் இறங்கும்போது பர் சட்டென்று வேகமாக வெட்டுமே, அது இதில் இல்லை. பிளாஸ்டிக் என்பதால் ஏரோட்டாரை (பர்ரை வேகமாகச் சுழற்றும் கைக்கருவி) அழுத்திப் பிடிக்கும் பழக்கம் வேறு வந்துவிடுகிறது. பட்டும் படாமல் தடவுவது போல் வெட்ட வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுக்க, பிடுங்கிய நிஜப் பல்லைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அதைக் கிருமி நீக்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும். பாதரசம் கலந்த அமால்கம் அடைத்த பல்லை மட்டும் ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போடாதீர்கள், பாதரச ஆவி வெளியேறும்.

பிளாஸ்டிக் பல்லை டைப்போடான்டில் பிடித்து வைக்கும், அடியில் இருக்கும் திருகையும் கவனியுங்கள். அதிர்வில் அது தளர்ந்தால் பல் லேசாக மேலே எழும்பிவிடும். கடித்துப் பார்த்தால் இடம் போதாதது போல் தெரியும், மாணவர் இன்னும் ராவுவார். கடி பார்ப்பதற்கு முன் திருகை ஒரு முறை இறுக்கச் சொல்லிவிடுங்கள். தற்காலிக கிரவுனைப் பொறுத்தவரை இரண்டு வகைப் பல்லுக்கும் வித்தியாசமில்லை. வாசலின் தடவி, அக்ரிலிக் ரப்பர் பதத்தில் இருக்கும்போதே கழற்றி மாட்டினால் சிக்கிக்கொள்ளாது.

மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரு கீழ்க் கடைவாய்ப்பல்லை மட்டும் மாதிரிக்கு வாங்கி வெட்டிப் பாருங்கள். உங்களிடம் உள்ள டைப்போடான்டில் அது உட்காருகிறதா என்றும் பாருங்கள், ஒரு கம்பெனியின் பல் இன்னொரு கம்பெனியின் குழியில் பெரும்பாலும் பொருந்தாது.